மூன்றாம் இயல்

அந்த அறிக்கை ஒரு வியாழக்கிழமை காலை 10.40க்கு என் கணினித் திரைக்கு வந்தது. நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை. நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். நினைவை நம்பி எதையும் சொல்லுவதை அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். ஊரடங்கு முடிந்து வகுப்புகள் திரும்பியபோது எங்கள் கல்லூரி இணையத்தில் இயங்கும் சில வசதிகளுக்குச் சந்தா கட்டியது. பாடக் குறிப்புகளை ஏற்றிவைக்க ஒரு வகுப்புப் பக்கம், தேர்வு நடத்த ஒரு தளம், ஆய்வேடுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தளம். மூன்றாவது தளத்தின் கடவுச்சொல் என்னிடம் வந்தது. "நீங்கதான் எதையும் தேதி போட்டு வைப்பீங்க" என்பது முதல்வர் சொன்ன காரணம். ஆய்வேட்டை அதில் ஏற்றினால், இணையத்தில் உள்ள கட்டுரைகளோடும் பல்கலைக்கழகங்கள் சேமித்து வைத்திருக்கும் பழைய ஆய்வேடுகளோடும் அது ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று சொல்லும். ஒத்துப்போகும் வரிகளுக்கு வண்ணம் பூசிக் காட்டும். பத்தைத் தாண்டினால் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள்.

அன்று நான் ஏற்றியது என்னிடமே ஆய்வு செய்தவரின் ஆய்வேடு. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியை. சமயநல்லூரில் வீடு, விவசாயக் குடும்பம். பரவை காய்கறிச் சந்தையின் சிறு வியாபாரிகளைப் பற்றி எட்டு ஆண்டுகளாகப் பகுதி நேர ஆய்வு. கேட்கக்கூடிய கால நீட்டிப்புகளையெல்லாம் கேட்டு முடித்தாயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாவிட்டால் அவருடைய கல்லூரி அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. பதின்மூன்று நாள் மீதி இருந்தது.

அறிக்கையில் 38 என்று இருந்தது.

வேறு யாருடைய கோப்பையோ ஏற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தலைப்பைப் பார்த்தேன், அவருடையதுதான். அந்த எண்ணின் மேல் அழுத்தினால் எந்த எந்த மூலங்களோடு ஒத்துப்போகிறது என்ற பட்டியல் விரியும். முதல் மூலம் மட்டும் 29 சதவீதம். அதன் தலைப்பை வாசித்தேன். மதுரை மாவட்டத்தின் சிறு தொழில்களைப் பற்றிய ஒரு ஆய்வேடு. கீழே ஆய்வாளர் பெயர். என் பெயர்.

என் பெயரையே இரண்டு முறை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து, கட்டி, ஐந்து படி கொடுத்த என் ஆய்வேட்டை யாரோ பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

திரையின் இடப்பக்கம் அவருடைய மூன்றாம் இயல், வலப்பக்கம் என்னுடையது. இரண்டிலும் முப்பத்தொரு பக்கம், முழுக்கச் சிவப்பு.

வெளியாட்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் துறை ஆய்வேடுகளில் மூன்றாம் இயல் என்றால் ஆய்வுப் பகுதியின் அறிமுகம். மாவட்டத்தின் பரப்பு, மழை, வட்டங்கள், சாலைகள், மக்கள் தொழில். எந்தத் தலைப்பில் ஆய்வு செய்தாலும் அது இருக்கவேண்டும். அதை யாரும் வாசிப்பதில்லை. வாய்மொழித் தேர்வில் மூன்றாம் இயலிலிருந்து ஒரு கேள்வி கேட்கப்பட்டதை நான் கண்டதில்லை. நெறியாளராகிய நானும் அவருடைய மூன்றாம் இயலை வாங்கி, அட்டவணை எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்து, ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். என்னுடைய வரிகள் என் கண் முன்னால் போயிருக்கின்றன. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இது உறைத்தபோது வெட்கப்படுவதற்குப் பதிலாகக் கோபப்பட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று மணிக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லக்கூட மறந்து திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இது என்னம்மா?"

குனிந்து பார்த்தார். "செவப்பா இருக்கு சார்."

"வலப்பக்கம் இருக்கிறது யாரோடது, பாருங்க."

பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சார்! உங்களோடதா?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. முப்பத்தொரு பக்கம். ஒரு கமா கூட மாத்தல."

"சத்தியமா சார், நான் உங்க தீசிஸ கண்ணால பாத்ததே இல்ல. எங்க இருக்குன்னு கூடத் தெரியாது."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோரிப்பாளையத்துல டைப்பிங் கடை இருக்குல்ல சார், பாய் கடை. அங்கதான் டைப் பண்ணக் குடுத்தேன். மூணாவது சாப்டர் எங்கம்மான்னு கேட்டாரு. இன்னும் எழுதல பாய்ன்னேன். மதுரை மாவட்டம்தான, ரெடியா இருக்கு, உள்ள போட்டுடவான்னு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் அங்கதான சார் வாங்குறாங்க. இதெல்லாம் தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல சார். பரீட்ச பேப்பர்ல மொத பக்கம் அச்சடிச்சே வர்ற மாதிரி நெனச்சேன்."

நான் சிவப்பில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: சமயநல்லூர், மதுரை நகருக்குத் தென்கிழக்கே அமைந்துள்ளது.

"உங்க ஊரும்மா. நீங்க தினமும் எந்தத் திசையிலேருந்து வர்றீங்க?"

"வடமேற்கு சார்."

"இதுல என்ன போட்டிருக்கு?"

"தென்கிழக்கு." பிறகு வலப்பக்கத்தைக் காட்டிச் சொன்னார்: "உங்களோடதுலயும் அதேதான் சார் போட்டிருக்கு."

வலப்பக்கம் பார்த்தேன். அதேதான் போட்டிருந்தது.

எனக்கு அப்போது ஒரு விளக்கம் உடனே கிடைத்தது. அந்தக் காலத்தில் நானும் அதே கடையில்தான் தட்டச்சு செய்தேன். என் கோப்பை வைத்துக்கொண்டு கடைக்காரர் என் மூன்றாம் இயலை ஊருக்கெல்லாம் கொடுத்துவருகிறார். திசை தவறியது அவசரத்தில் நான் செய்த பிழை. அது என்னோடு முடிந்திருக்கவேண்டியது. ஒருவர் உழைத்து எழுதியதை இப்படி அள்ளிக் கொடுப்பதா? அந்த இயலுக்காக நான் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்கு மத்தியான வெயிலில் நடந்து போனதை ஆண்டுதோறும் புதிய ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறேன். அந்த மாடிப்படி, அந்தப் பச்சைக் கதவு எல்லாம் கண்ணில் நிற்கின்றன.

5.15க்குக் கோரிப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். சந்திப்பில் பேருந்துகள் ஒன்றையொன்று போகவிடாமல் நின்றன. தர்காவுக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டு, சந்துக்குள் நுழைந்து கடைக்குப் போனேன். முன்பு தட்டச்சு இயந்திரங்கள் இருந்த இடத்தில் இப்போது மூன்று கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், அட்டை கட்டும் பசை மணம். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க! எம்புட்டு நாளாச்சு! உக்காருங்க. டீ சொல்லவா?"

"டீ வேண்டாம் பாய். என் தீசிஸோட மூணாவது சாப்டர நீங்க எல்லாருக்கும் குடுக்குறீங்களா?"

அவர் ஒளிக்கவே இல்லை. "ஆமா சார். மதுரை மாவட்டம் கேட்டா அதத்தான் குடுப்பேன். தேனி, சிவகங்கைக்கு வேற வச்சிருக்கேன். உங்க காப்பிதான் சார் சுத்தமான காப்பி. ஒரு ஸ்பெல்லிங் தப்பு இருக்காது. கம்ப்யூட்டர்ல அதுக்குப் பேரே 'சார் காப்பி'தான்."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க? நான் எழுதினது அது!"

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தார் போலும்.

"சார், அத உங்களுக்குக் குடுத்ததே நாந்தானே."

"என்ன சொல்றீங்க?"

"உங்களுக்கு முன்னாடியே இருந்துச்சு சார். யாரு எழுதுனாங்கன்னு எனக்கே தெரியாது. நீங்க வாங்கிட்டுப் போயி, மறுநாள் செவப்பு மையில திருத்திக் கொண்டாந்தீங்க. நானும் அப்படியே மாத்திக்கிட்டேன். அதான் சுத்தமா இருக்கு."

"பாய், நான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு எழுதினது. வேற யாரையோ நெனச்சுப் பேசுறீங்க."

"இருக்கட்டும் சார், இருக்கட்டும். வருஷம் ஆயிருச்சு. எனக்கும் வயசாயிருச்சு." அவர் விட்டுக்கொடுத்த விதம்தான் என்னைக் கலக்கியது. தன்பக்கம் நியாயம் உள்ளவர் அப்படித்தான் விட்டுக்கொடுப்பார்.

வீட்டில் என் நாட்குறிப்புகள் பீரோவின் கீழ்த்தட்டில் ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. முகம்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்து அந்த ஆண்டுக்கு உரியதை எடுத்தேன். தேட அதிக நேரம் ஆகவில்லை. என் பதிவுகள் எப்போதும் சுருக்கம்.

'மதியம் 2.15 புள்ளியியல் அலுவலகம். அலுவலர் விடுப்பு. கடும் வெயில். திரும்பினேன். 5.20 கோரிப்பாளையம், பாய் கடை. மூன்றாம் இயல் தயாராக உள்ளது என்றார். 31 பக்கம். பெற்றுக்கொண்டேன்.'

அடுத்த நாள்: 'மூன்றாம் இயலில் எழுத்துப் பிழை 14. திருத்தினேன். இயல் நன்றாக அமைந்துள்ளது.'

என் கையெழுத்து. அடியில் கோடு போடும் என் பழக்கம். 'நன்றாக அமைந்துள்ளது.'

வெயில் உண்மை. மாடிப்படி உண்மை. பச்சைக் கதவும் உண்மை, அது பூட்டியிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை நான் இருபத்து மூன்று ஆண்டுகளில் எங்கோ மாற்றிக்கொண்டேன். எப்போது என்று தெரியவில்லை. பொய் சொல்லுகிறோம் என்ற உணர்வு ஒரு நாளும் எனக்கு இருந்ததில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். நோட்டைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, தரையில உக்காந்திருக்கீங்க?"

நோட்டை நீட்டினேன். வாசித்தாள். "சரி, இதுல என்ன?"

"நான் எழுதினேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க, எழுதலன்னு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை துறையில் என் மேசைக்கு அடுத்த மேசைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னைவிட எட்டு வயது இளையவர். அந்த அம்மையாரின் ஆய்வுக்கு இணை நெறியாளர் அவர்தான். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இம்புட்டுத்தானாண்ணே? அந்த மூலத்துக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. அத அமுக்குனா கணக்குல எடுத்துக்காது. கைடு தீசிஸும் ஸ்காலர் தீசிஸும் ஒத்துப்போறது ஒலகத்துல இல்லாததா? அந்தப் பொம்பளைக்கும் நல்லது, ஒங்களுக்கும் நல்லது."

அழுத்தினேன். மறைக்க ஒன்றுமில்லை, அழுத்தினேன். 38 மறைந்து 9 வந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏன் நீக்குகிறாய் என்று தளம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தொரு பக்கமும் வெள்ளையாகிவிட்டன. அந்த அறிக்கையின் கீழே, 'சரிபார்த்தேன்' என்ற சொல்லுக்கு அடியில், நான் கையொப்பமிட வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 38ஐ 9 என்று எழுத என் கை வரவில்லை. மறுபடி அழுத்தினேன். சிவப்பு திரும்பி வந்தது.

"ஏண்ணே?" என்றார் அவர்.

"சமயநல்லூர் இன்னும் தென்கிழக்குலதான இருக்கு."

பதினொரு மணிக்கு அந்த அம்மையார் வந்தார். மூன்றாம் இயலைப் புதிதாக எழுதவேண்டும் என்று சொன்னேன்.

"சார், பன்னெண்டு நாள்தான் இருக்கு. எட்டு வருஷம் சார். வெடிகாலைல எந்திரிச்சு, சமைச்சு வச்சுட்டு, கல்லூரிக்கு ஓடி, பொழுது சாய வந்து எழுதுனது. இப்பப் போயி உங்க பேரு வந்துச்சுன்னு உங்களுக்குக் கவுரவக் கொறச்சலா இருக்கு."

"என் பேர் வந்ததுக்காக இல்லம்மா." நாட்குறிப்பைக் கொண்டு போயிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

வாசித்தார். மறுபடி வாசித்தார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் சிரித்தார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே செட்டா சார்? என்னைய நிக்க வச்சே திட்டுனீங்களே!"

"ஆமாம்மா."

"பதினாலு மிஸ்டேக் திருத்துனீங்களே, அந்தத் தெசைய ஏன் சார் விட்டீங்க?"

நான் எழுத்துகளைத்தான் பார்த்திருக்கிறேன். எந்தப் பேருந்தில் ஏறினாலும் தெரிந்திருக்கக்கூடிய ஒன்று அது.

அவர் எழுதினார். அதற்கு என் உதவி பெரிதாகத் தேவைப்படவில்லை. சந்தை அவருக்குத் தெரிந்த இடம். எந்த ஊர்க் காய் எந்தக் கிழமை வருகிறது, லாரி எங்கே நிற்கிறது, மழைக்காலத்தில் எந்தப் பாதை சேறாகிறது என்பதெல்லாம் எட்டு ஆண்டுகளாக அவருடைய குறிப்பேடுகளில் சும்மா கிடந்தன. புள்ளியியல் அலுவலகத்துக்கு மட்டும் நான் உடன் போனேன். கதவு திறந்திருந்தது. இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது சார், நேரில் ஏன் வந்தீர்கள் என்று அலுவலர் வியந்தார். முப்பத்தொரு பக்கம் பதின்மூன்று பக்கமானது. செவ்வாய்க்கிழமை காலை புதிய அறிக்கை வந்தது: 7. கையொப்பமிட்டேன். பாய் கடையில் ஐந்து படிகள் அட்டை கட்டப்பட்டன. புதன்கிழமை கடைசி நாள்.

செவ்வாய் மாலை 4.10க்கு நான் இன்னொரு வேலையையும் முடித்தேன். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்பங்கள் அனுப்பும் இடம் இருக்கிறது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நான் எழுதியது அல்ல என்பதையும், எங்கே பெற்றேன் என்பதையும், நாட்குறிப்பின் படத்தோடு எழுதி அனுப்பினேன். என் பட்டத்தின் எண், நெறியாளர் அங்கீகார எண் எல்லாம் பிழையின்றிக் குறிப்பிட்டேன். உடனே ஒரு பதிவு எண் வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

புதன் காலை 9.30க்கு அவர் ஐந்து படிகளோடு துறைக்கு வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். பெருமையாக அந்தப் பதிவு எண்ணைக் காட்டினேன்.

அவர் வாசித்துவிட்டுப் பைகளைக் கீழே வைத்தார்.

"அனுப்பிட்டீங்களா சார்?"

"நேத்து 4.10க்கு."

"ஐயோ சார்." ஒரு படியை எடுத்து முதல் பக்கத்தை விரித்தார். "கைடோட டிகிரியே விசாரணைலன்னா என் தீசிஸ யாரு சார் தொடுவா? மொத பக்கத்துலயே உங்க பேருதான் இருக்கு. நெறியாளர் சான்றிதழ்ல உங்க கையெழுத்துதான் இருக்கு. என் வைவா முடியிற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. எட்டு ஆண்டு உழைப்பு என் பெயரில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் கணக்கைச் சரிசெய்வதிலேயே இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திறந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து மேசைக்காரர்தான் எழுந்து வந்தார். "அண்ணே, நான் எதுக்கு இருக்கேன்? இணை நெறியாளர்னு சும்மாவா பேரு போட்டிருக்கு? நீங்க வெலகிக்கிறேன்னு லெட்டர் எழுதுங்க. பிரின்சிபால்கிட்ட நான் வாங்கிட்டு வாரேன். எந்திரிங்க."

விலகல் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, அடித்துவிட்டு, உள்ளதை எழுதினேன். முதல்வர் அதை வாசித்து, என்னைப் பார்க்காமலே கையொப்பமிட்டார். 12.50க்கு மூவரும் கோரிப்பாளையம் போனோம். கட்டிய அட்டைகளைப் பிரிக்கச் சொன்னபோது பாய்க்கு மனமில்லை. காரணத்தைச் சொன்னேன். கத்தியை எடுத்தார். ஐந்து படிகளிலிருந்தும் என் பெயர் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். பத்துத் தாள்கள். புதிய தாள்கள் அச்சாகி, பசை காய மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்து, நால்வரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

4.35க்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தர் படிகளை வாங்கினார். நான் தள்ளி, தூணை ஒட்டி நின்றேன். எழுத்தர் அறிக்கையில் எண்ணைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டார்.

"எங்ககிட்ட வேற பேருல்ல இருக்கு? கைடு மாறிட்டாரா?"

"ஆமா சார், லெட்டர் வச்சிருக்கேன்."

"எட்டு வருஷம் இருந்துட்டுக் கடைசி நாள்ல மாறுறாரா? என்னம்மா பிரச்சினை?"

அந்த அம்மையார் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவருக்கு இன்னும் ஒரு சாப்டர் பாக்கி இருக்கு சார்" என்றார்.

எழுத்தர் முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார்.